இன்கமிங்

எடுத்துக்கங்கண்ணே, பால்கோவாதான். மயக்க மருந்தெல்லாம் இல்ல. அப்படி ஒண்ணு என்கிட்ட இருந்தா மொதல்ல இந்தக் கண்டக்டருக்குல்ல ஒரு உருண்டை குடுத்திருப்பேன். கேட்டீகள்ல அவன் பேசுறத? "உள்ள போ, உள்ள போ, படியில நின்னா பஸ்சு போகுமா, உள்ள போ." பாத்தீகளா, திரும்பிப் பாக்குறான். அவன் குரலு எங்கருந்து வருதுன்னு தேடுறான். விடுங்க, நம்ம ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலப் பாப்போம்.

ஒரு கிலோண்ணே. அறந்தாங்கியில எறங்கி, ருசி பாத்து வாங்குனேன். கொண்டுபோன வீட்ல கதவச் சாத்திட்டாக. பட்டப்பகல்ல, காலைல பதினோரு மணிக்கு. நானு என்ன திருடவா போனேன்? நீங்க பெரிய மனுசரா இருக்கீக. கதையக் கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. புதுக்கோட்டை வாரதுக்குள்ள முடிச்சுருவேன்.

நம்ம பேரு அடைக்கலம். படிப்பு அஞ்சாப்பு. அதுலயும் எட்மாஸ்டரு மாதிரிப் பேசிக் காட்டுனதுக்கு நாலாப்பு ரெண்டு தடவ. வாயி ஒண்ணுதான் சொத்து. ஒரு ஆளு என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனா போதும், அவன் குரல நான் எடுத்துக்கிருவேன். அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்டப் பேசிக்கிட்டிருப்பான். இங்க நான் அவனாட்டம் பேசிக்கிட்டிருப்பேன்.

ஈராக்குக்கு வேலைக்குப் போனேன். ரெண்டாயிரத்து அஞ்சுல. அப்ப நம்ம கவருமெண்டு அங்க போகக்கூடாதுன்னு சொல்லிருந்துச்சு. பாஸ்போட்டுலயே முத்திரை அடிச்சிருப்பான், இந்த நாட்டுக்குச் செல்லாதுன்னு. ஏஜெண்டு என்னா செஞ்சான், ஜோர்டானுக்குன்னு டிக்கெட்டப் போட்டு, அங்கருந்து ஜன்னலே இல்லாத ஒரு மிலிட்டரிப் பிளேன்ல தூக்கிப் போட்டு உள்ள எறக்கிட்டான். ஆடு ஏத்துற மாதிரி. நான் போற வழி பூராம் ஆடு மாதிரியே கத்திக்கிட்டுப் போனேன். ஒரு நேப்பாளி பய சிரிச்சுச் சிரிச்சு வாந்தி எடுத்துட்டான்.

அங்க என்னா நடக்குதுங்குறீங்க? அமெரிக்காக்காரன் வந்து உக்காந்துட்டான். அடுத்தவன் ஊரு. ஏன்டா வந்தன்னு கேட்டா ஒத்தாசைக்கு வந்தேங்குறான். "வீ ஆர் இயர் டு எல்ப், மேன்." மூக்கால பேசணும்ணே, வாயில ஜவ்வு முட்டாய் கெடக்கணும், அப்பத்தான் அந்தக் குரலு வரும். பக்கத்து நாடு ஈரான்காரன். அவனுக்கு இவன் வந்து குந்துனது புடிக்கல. ஆனா நேரா வரமாட்டான். உள்ளூர்ப் பயலுக கையில ராக்கெட்டக் குடுத்து ஏவி விடுவாம்னு பேசிக்கிட்டாக. நான் பாக்கல. மேல வந்து விழுகுறதுல யாரு பேரு போட்டிருக்குன்னு படிச்சா பாக்க முடியும்? இவன் அங்க ஒருத்தனப் புடிப்பான். அதுக்கு அவன் இங்க நாலு விடச்சொல்லுவான். அதுக்கு இவன் பத்து. ரெண்டும் பெரிய எடத்து ஆளுகண்ணே, ஒருத்தன் வீட்டுமேல ஒருத்தன் எறியமாட்டான். மூணாவது ஆளு கூரையாப் பாத்துத்தான் எறிவாக. அந்தக் கூரைக்குக் கீழ உக்காந்து சட்டை தொவைச்சது நாங்க.

ஆமா, லாண்டிரி. சோல்ஜர் உடுப்பு. தமிழாளு இருவத்திமூணு பேரு. மேஸ்திரி ஒரு மலையாளத்தாரு, தாமஸ்குட்டின்னு பேரு. மூட்டை மூட்டையா வரும். மண்ணு, வேர்வை, சில சட்டையில ரத்தம். ரத்தச் சட்டையத் தனியாப் போட்டுப் பச்சத் தண்ணியில ஊறவைக்கணும். யாரு ரத்தம்னு கேக்கக்கூடாது. நான் கேப்பேன். சட்டைப் பையில பேரு தச்சிருப்பான். "மிஸ்டர் மில்லர், எங்க சாமி இம்புட்டுச் சாயம் புடிச்சீக?"ன்னு. எல்லாரும் சிரிப்பாக. சிரிச்சாத்தாண்ணே அங்க இருக்க முடியும். நான் இல்லாட்டி பாதிப் பேரு பைத்தியமாப் போயிருப்பாக. இத யாரும் ஒத்துக்கிற மாட்டாக.

ராக்கெட்டு வந்தா ஒரு மைக்கு பேசும். மிசின் பொம்பளக் குரலு. பதட்டமே இருக்காது அவளுக்கு. "இன்கமிங். இன்கமிங். இன்கமிங்." மூணு தடவ. அதக் கேட்டதும் சிமிட்டி பங்கருக்குள்ள ஓடணும். பங்கரு தூரமா இருந்தா அப்படியே தரையில குப்புறப் படுத்துரணும். அம்புட்டுத்தான் சட்டம்.

நம்மூர்ல இன்கமிங்னா என்னாண்ணே? செல்லுபோனு. அப்ப ஊரு பூராம் அதான பேச்சு, இன்கமிங் ஃப்ரீ, அவுட்கோயிங்குக்குத்தான் காசுன்னு. ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும் அந்த வார்த்த. போனு வருதுன்னு அர்த்தம். அமெரிக்காக்காரன் அதையே சாவுக்கு வச்சிருக்கான். தப்பு அங்க ஆரம்பிக்குது. இத மனசுல வச்சுக்கங்க.

இப்ப நீலமேகம் வாரான். இந்தா நாகுடிக்கு அங்கிட்டு, அவன் ஊரு. நல்ல உசரம், பேச்சு மட்டும் மெதுவா, மாட்டுக்குத் தண்ணி காட்டுறவன் மாதிரி. ஒரு செருமு செருமிட்டுத்தான் ஆரம்பிப்பான். கல்யாணமாகி ஒரு வருசம். பொண்டாட்டி இளஞ்சியம் நெறமாசம். அத விட்டுட்டு வந்துட்டான். வந்ததுலருந்து ஒரே பேச்சு. "அண்ணே, புள்ள பொறந்தா எப்படிண்ணே தெரியும்? போனு வருமாண்ணே? வந்தா கூப்புடுவாகளாண்ணே?" துணி மடிக்கும்போது கேப்பான். சோறு திங்கும்போது கேப்பான். கக்கூசுக்குள்ளருந்து கேப்பான்ணே.

போனு ஆபீஸ்ல இருந்துச்சு. ஆபீஸ்ங்கிறது ஒரு இரும்புப் பெட்டி, கப்பல்ல வருமே, அது. லாண்டிரியிலருந்து ஜல்லி கொட்டுன மைதானத்தத் தாண்டி நூறு தப்படி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தாமஸ்குட்டி நம்பரப் போட்டுக் குடுப்பாரு, ஆளுக்குப் பத்து நிமிசம். அவசரம்னா ஊர்லருந்தும் அடிக்கலாம்.

புதுசா வந்தவனுக்கு ஒரு வெள்ளைக்காரன் பாடம் எடுப்பான். எங்க படுக்கணும், எங்க ஓடணும்னு. இங்கிலீசுல. இவன் எங்கிட்ட, "என்னாண்ணே சொல்றாரு"ங்குறான்.

"இன்கமிங்னு மைக்குல சொன்னா ஓடணுமாம்டா"ன்னேன். பொய் சொல்லலண்ணே நான். அதான் சொன்னான் வெள்ளைக்காரனும்.

"இன்கமிங்னா போனுதானண்ணே?"

"பின்ன?"

"எங்க ஓடணும்?"

"போனு எங்கடா இருக்கு? ஆபீஸ்ல. நூறு பேரு இருக்கோம், லேட்டாப் போனா கட்டாயிரும். மூணு தடவதான் சொல்லுவா அந்தப் பொம்பள."

அவன் மொகத்தப் பாக்கணுமே. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டான். எங்ககூட வேல பாத்த தொண்டிக்காரன் மைதீன் பக்கத்துல இருந்தான், சிரிப்ப அடக்க முடியாம மூட்டைக்குள்ள தலைய விட்டுக்கிட்டான்.

செவ்வாக்கெழமை பகல்ல மைக்க டெஸ்ட் பண்ணுவாக. சும்மா. யாரும் எந்திரிக்கக்கூட மாட்டாக. அவ ஆரம்பிச்சா, "இன்கமிங்." நீலமேகம் கையில இருந்த டவுசரப் போட்டுட்டு ஓடுறான் பாருங்க. நூறு தப்படி, ஜல்லியில, செருப்பு ஒண்ணு ஒருபக்கம் போச்சு. நாங்க இருவத்திரெண்டு பேரும் வாசல்ல நின்னு பாக்குறோம். தாமஸ்குட்டிகிட்ட நான் ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தேன். அவரும் சளைச்ச ஆளில்ல. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "கட்டாயிப் போயி மோனே"ங்குறாரு. அத அவரு குரல்ல சொன்னாத்தான் ருசி.

திரும்பி வந்தான், மூச்சு வாங்க. "அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா எடுத்துருப்பேண்ணே"ன்னான். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு வயிறு புடிச்சுக்கிச்சு.

மைதீன்தான் சாயங்காலம் வந்து, "போதும், சொல்லிருவோம்"ன்னான். நான் சொன்னேன், "ஏன்டா அவசரப்படுற? ஒரு மாசமா ஒரு வெடி இல்ல. பெரியவுக ரெண்டு பேரும் எங்கயோ உக்காந்து பேசிக்கிட்டிருக்காகளாம். வெள்ளிக்கெழமை நானே சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு நாளு சிரிச்சுக்குவோம்." தப்பா சொல்லுங்க? டிவியில அமெரிக்காக்காரனும் அததான் சொன்னான், எல்லாம் அமைதின்னு. நாடாளுறவனுக்கே தெரியல, லாண்டிரிக்காரனுக்குத் தெரியுமா?

பேச்சு முறிஞ்சது பொதன்கெழமை. எவனோ எல்லையில எவனையோ சுட்டுட்டானாம். வியாழக்கெழமை பதினோரு மணி. வெயிலு அப்படி. நாங்க உருப்படி எண்ணிக்கிட்டிருக்கோம். மைக்கு.

நாங்க பங்கருக்கு ஓடுறோம். பங்கரு வலதுபக்கம். அவன் எடதுபக்கம் ஓடுறான், ஜல்லி மைதானத்துக்கு. இந்தத் தடவ செருப்பக் கையில எடுத்துக்கிட்டான். விவரம். ஓடுறவன் திரும்பி எங்களப் பாத்துக் கைய ஆட்டுறான். பல்லெல்லாம் தெரியுது. புள்ள பொறந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போறான்ணே.

நான் கத்துனேன். "படுடா, நீலமேகம், படுடா"ன்னு கத்துனேன். மைதீன் என்னா சொல்றான்னா, நீ கத்தல, சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தன்னு. அவன் பொய்க்காரன். அப்படியே சிரிச்சிருந்தாலும் அது வாய்ப் பழக்கம். என் மொகத்துல இருக்குற ஒரு கோளாறுண்ணே, பயந்தாலும் சிரிக்கிற மாதிரித்தான் தெரியும்.

நாலு விழுந்துச்சு. மூணு வெறும் மண்ணுல. சோல்ஜர் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல. மறுநாளு டிவியில ஈரான்காரன் சைடுலருந்து பதிலடின்னு சொன்னானாம். அமெரிக்காக்காரன், "நோ கேசுவல்ட்டீஸ்"ன்னான். சேதமில்லங்குறான். சரியாத்தான் சொல்றான், அவன் கணக்குல நீலமேகம் ஏது? எங்க கணக்குல இருவத்திமூணு. இப்ப இருவத்திரெண்டு.

செருப்ப நான்தான் எடுத்து வச்சேன். இத எழுதி வச்சுக்கங்க. மத்தவனெல்லாம் கிட்டவே வரல.

ஏண்ணே பால்கோவாவக் கையிலயே வச்சிருக்கீக, திங்குங்க. உருகிப் போயிரும்.

அடுத்த நாளு வெள்ளி. போனு நாளு. தாமஸ்குட்டி என்னையக் கூப்புட்டு விட்டாரு. மொகம் வெளுத்துப் போயிருக்கு. கம்பெனியில சொல்லிட்டாக, இது ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு. தெரிஞ்சா நம்ம கவருமெண்டு வரும், எப்படிடா உள்ள வந்தீகன்னு கேக்கும், அம்புட்டுப் பேரையும் மூட்டை கட்டி அனுப்பிரும். ஜோர்டான்ல லாரி மோதிச் செத்தான்னு பேப்பர் தயார் பண்ணணும். அதுக்கு மாசம் ஒண்ணு ஆகும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு போன எதிர்பாத்துக்கிட்டிருக்கும். வரலன்னா தேட ஆரம்பிச்சிரும்.

"அடைக்கலம், நின்னெக்கொண்டே பற்றூ"ங்குறாரு. உன்னாலதான் முடியும்னு அர்த்தம். அவரு கேட்டாரேன்னு செய்யலண்ணே, இருவத்திரெண்டு குடும்பம். அத யோசிச்சேன். போனக் கையில வாங்குனேன். ஒரு செருமு செருமுனேன்.

"இந்தா புள்ள"ன்னேன். அவன் அப்படித்தான் கூப்புடுவான்.

அந்தப் பக்கம் ஒரு அழுக. "அடிச்சு அடிச்சுப் பாத்தும் லைனே கெடைக்கலயே. பொதன்கெழமையே பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. உங்க மூக்கு"ங்குது.

பொதன்கெழமையே பொறந்துருச்சாம்ணே. அவன் ஓடுனது வியாழன்.

நான் சமாளிச்சேன். இங்கயும் லைன் கோளாறு, வேல ஜாஸ்தி, ஒடம்பப் பாத்துக்க, சுக்குத்தண்ணி குடி. அவன் பேசுற மாதிரியே மெதுவா. பக்கத்துல தாமஸ்குட்டி செலுவ போட்டுக்கிட்டு நிக்கிறாரு. அவரே மெரண்டுட்டாரு, செத்தவன் வந்து பேசுறானோன்னு. அப்ப அது கேட்டுச்சு, "புள்ளைக்கு என்னா பேரு வைக்க?" எனக்கு என்னா தெரியும்? வாயில வந்தது, "ஷர்மிளான்னு வையி"ன்னேன். நல்ல பேருதான?

லைன் போச்சோன்னு பாத்தேன். அப்புறம், "சரி"ன்னுச்சு. அப்புறம், "பேசுங்க"ன்னுச்சு.

அஞ்சு வெள்ளிக்கெழமைண்ணே. மொத வாரத்துக்கு அப்புறம் அது ஒண்ணுமே கேக்காது. எப்ப வருவீக, பணம் எப்ப அனுப்புவீக, ஒண்ணும் கெடையாது. "பேசுங்க, ஏதாவது பேசுங்க" அம்புட்டுத்தான். நான் பேசிக்கிட்டே இருப்பேன். இங்க வெயிலு, கோழிக்கறி போடுறாக, மணலு கண்ணுல விழுகுது. ஒரு தடவ புள்ள காதுல போன வச்சுட்டு, "அப்பாகிட்டப் பேசு"ன்னுச்சு. அது ஙேங்குது. நானும் ஙேங்குறேன், நீலமேகம் ஙேன்னா எப்படி இருக்குமோ அப்படி. இதெல்லாம் யாரு செய்வா? எந்த மிமிக்ரிக்காரன் செய்வான், மேடையில காசு வாங்குறவன்?

ஆறாவது வாரம் லாரி மோதிருச்சுன்னு தகவல் போயிருச்சு. பெட்டியும் போயிருச்சு, தொறக்கக்கூடாதுன்னு ஆணி அடிச்சு. என் வேல முடிஞ்சது. அதுக்கப்புறம் நான் குவைத்து, ஆப்கானிஸ்தானுன்னு அமெரிக்காக்காரன் உக்காந்த எடமெல்லாம் போய்ச் சட்டை தொவச்சுட்டு, ஆறு வருசம் கழிச்சு இந்த மாசந்தான் ஊருக்கு வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? அவன் வீட்டப் பாக்கணும்னு தோணுச்சு. ஒரு கிலோ வாங்கிக்கிட்டுப் போறேன்.

வாசல்ல ஒரு சின்னப் புள்ள கோலப்பொடியில கோடு கிழிச்சு நொண்டி வெளையாடிக்கிட்டிருக்கு. மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இளஞ்சியம் வந்து எட்டிப் பாத்துச்சு. ஒல்லியா, கழுத்துல ஒண்ணும் இல்லாம. "நீலமேகத்தோட ஒண்ணா வேல பாத்தவங்க"ன்னேன், என் சொந்தக் குரல்ல. உக்காருங்கன்னு சேரு எடுத்துப் போட்டுத் தண்ணி குடுத்துச்சு. மரியாதையாத்தான் இருந்துச்சு. நான் புள்ளயக் கூப்புட்டு, "பேரென்னாடி கண்ணு"ன்னேன்.

"அங்கம்மா"ங்குது.

"அங்கம்மாவா? ஷர்மிளான்னுல்ல வைக்கச் சொன்னேன்"ன்னுட்டேன்.

வாய்ண்ணே. இந்த வாயி.

அந்தப் பொண்ணு செம்ப எடுக்கக் குனிஞ்சது, அப்படியே நின்னுச்சு. நிமிந்து என்னையப் பாத்துச்சு. "நீங்கதானா அது"ன்னுச்சு. சண்டைக்கு வருமோன்னு பாத்தேன், வரல. தரையப் பாத்துக்கிட்டே சொல்லுது: "அவுக போறதுக்கு மொத நாளே பேரு வச்சுட்டுத்தான் போனாக. ஆணுன்னா அவுக அப்பா பேரு, பொண்ணுன்னா அவுக அம்மா பேரு. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. நான் சும்மா, அவுக வாயால கேக்கணும்னுதான் கேட்டேன்."

பாருங்க. மொத வாரமே கண்டுபுடிச்சிருச்சு. அங்க ஒருத்தன் எல்லாரு மாதிரியும் பேசுவாம்னு அவன் வேற சொல்லி வச்சிருக்கான். எனக்கு ஒண்ணுதாண்ணே புரியல, கேட்டும் பாத்துட்டேன். "தெரிஞ்சுமா அப்புறம் நாலு வாரம் என்கிட்டப் பேசுனீக? ஏன்"னேன். செம்ப எடுத்துத் திண்ணையில கவுத்து வைக்குது. என்னா காரணமா இருக்கும்? நான் யோசிச்சுப் பாத்தேன். என் தொழிலு அம்புட்டு நல்லா இருந்திருக்கும், வேற என்னா.

சரி, ரெண்டு பேரும் கல்லு மாதிரி நிக்கிறாக, வந்த எடத்துல ஒரு கலகலப்பு வேணுமேன்னு, புள்ளயப் பாத்து, "ஒங்கப்பன் எப்படிப் பேசுவான் தெரியுமா"ன்னேன். தெரியாதுன்னு தலைய ஆட்டுச்சு. தெரியாதுல்ல? அந்தக் குரலு ஒலகத்துல என்கிட்ட மட்டுந்தாண்ணே இருக்கு. பெத்த புள்ளைக்கு ஒரு தடவ காட்டுறது தப்பா? செருமிட்டு, "இந்தா அங்கம்மா, அப்பன்கிட்ட வா"ன்னேன்.

அந்தப் புள்ள வரல. எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்குது. சேருக்குப் பின்னாடி போய்ப் பாத்துச்சு. தெருவப் பாத்துச்சு. ஆளத் தேடுது. எனக்குச் சிரிப்பு. அவ்வளவுதான், ஆத்தாக்காரி வந்து புள்ளயத் தூக்கி இடுப்புல போட்டுக்கிட்டு, பால்கோவாப் பெட்டிய என் மடியில வச்சுட்டு, உள்ள போய்க் கதவச் சாத்திருச்சு. தாப்பாளும் போட்டாச்சு.

நான் நிக்கிறேன், வெயில்ல. சொல்லுங்கண்ணே, தப்பு யாரு மேல? அமெரிக்காக்காரன் போயி உக்காந்தான். ஈரான்காரன் ஏவி விட்டான். போனுக்கும் சாவுக்கும் ஒரே வார்த்தைய வச்சது எவனோ. கம்பெனி பொய் சொல்லச் சொன்னான். தாமஸ்குட்டி போனக் கையில குடுத்தாரு. இம்புட்டுப் பேரையும் விட்டுட்டு ஒரு பொம்பள என் மூஞ்சியில கதவச் சாத்துறா. எனக்கு மனசு விட்டுப் போச்சு. ஆறு வருசமா அந்தக் குரல எடுக்கவே இல்ல, சரியாத்தான் எடுத்தேனா, இல்ல கெட்டுப் போச்சா, அதுனாலதான் கோவமான்னு ஒரு சந்தேகம் வேற.

சரி, ஒண்ணு பாத்துருவோம்னு கதவுகிட்டப் போனேன். வாய வச்சு, மெதுவா, அவன் துணி மடிச்சுக்கிட்டே பேசுவானே அப்படி, "இந்தா புள்ள"ன்னேன்.

உள்ளருந்து, "ம்".

அம்புட்டுத்தான். வெளிய நிக்கிறது நான்னு தெரியும்ணே அவளுக்கு. கதவச் சாத்துனதே அவதான். தெரிஞ்சுக்கிட்டே "ம்"ங்குறா. சொன்னதும் வாயப் பொத்திக்கிட்டா போல, ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அவளுக்குக் கேக்கப்படாதேன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு வேகவேகமா பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். ஆறு வருசம்ணே, ஒரு நாளு பழகிப் பாத்ததில்ல. ஒரு இழை பிசகல.